கைவீசி நடப்பவர்களின் கணக்கு: நடைப்பதிவு என்னும் பிரதியை முன்வைத்து

தமிழில் 'நடக்கிறது' வேறு, 'வாக்கிங் போறது' வேறு. முதலாவதைச் செய்கிறவர்கள் அதற்கென்று தனிப்பெயர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பஸ் வராத ஊரிலிருந்து மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கருக்கலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண், நடவுக்குப் போகிற ஆட்கள், இவர்களில் யாரையும் நிறுத்தி 'என்ன, வாக்கிங்கா?' என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேலி பண்ணுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 'வாக்கிங்' என்பது போய்ச்சேர இடமில்லாத நடை. கிளம்பிய வாசலுக்கே திரும்பி வருகிற நடை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்கிற சொற்களோடு கைகோத்துக்கொண்டு மருத்துவரின் அறையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த சொல் அது. ஷூ, டிராக் பேண்ட், பூங்கா, மைதானம் என்று அதற்கான தளவாடங்களும் உண்டு.

இந்த 'வாக்கிங்'குக்கு இப்போது ஒரு கணக்குப்பிள்ளை வாய்த்திருக்கிறார். மணிக்கட்டில் கடிகாரமாகவோ பையில் செல்போனாகவோ கூடவே வருகிறார். எத்தனை அடி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எத்தனை கலோரி என்று எழுதி இணையத்தில் ஏற்றிவைக்கிறார். போன பாதையைக் கோடாக வரைந்து காட்டுகிறார். நேற்றைவிட இன்று குறைந்தால் நினைவூட்டுகிறார், ஏழு நாள் விடாமல் போனால் பதக்கம் தருகிறார். 'சாப்டாச்சா?' என்று விசாரித்துக்கொண்டிருந்த நண்பர்கள் 'இன்னிக்கு எத்தனை ஸ்டெப்ஸ்?' என்று விசாரிக்கிறார்கள். இதையெல்லாம் உடல்நலப் பத்திரிகைகள் பார்த்துக்கொள்ளட்டும், இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிட முடியாது. ஏனெனில் இது ஓர் எழுத்துவகை. ஸ்ட்ராவா என்கிற ஒரே நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை 2022இலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் அன்றாடம் தம்மைப் பற்றிக் குறித்துவைக்கிற ஒரு நாட்குறிப்பு வேறு எந்தக் காலத்தில் இருந்தது? எழுத்தாக இருக்கும்பட்சத்தில் அதைப் பிரதியாக வைத்து வாசிக்க வேண்டும். எழுதுவது யார், எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது, யாருக்காக எழுதுகிறது என்று கேட்க வேண்டும்.

நாட்குறிப்பு நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்தார். அதிகாரத்தின் மடியில் உட்கார்ந்து எழுதப்பட்டதுதான் அது. ஆனாலும் எதைச் சொல்வது, யாரைப் பற்றி முணுமுணுப்பது என்கிற தேர்வு அவர் கையில் இருந்தது. நடைப்பதிவில் அந்தத் தேர்வு நடப்பவரிடம் இல்லை. எழுதுவது கருவி. நடப்பவரின் உடல் அதற்குப் பேனா, அவ்வளவுதான். 'நான்' என்கிற சொல்லே வராத தன்வரலாறு இது.

*

முதலில் அந்த எண். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்பது இன்றைக்கு வேதவாக்கு. எந்த மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது என்று தேடிப்போனால் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. உடற்பயிற்சி ஆர்வம் ஜப்பானில் பரவியிருந்த அந்தச் சூட்டோடு, 1965இல் யமாசா என்கிற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிர-அடி-மானி என்று பொருள். பத்தாயிரத்தைக் குறிக்கிற ஜப்பானிய எழுத்து நடந்துபோகிற மனிதனைப் போல இருப்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் என்பார்கள். அதாவது குறிப்பான் முதலில் பிறந்தது, உடல்நலம் என்கிற குறிப்பீடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமைப்பியல் வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2019இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 உடைய 16,741 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது, 7,500 அளவில் அந்தப் பலன் தேங்கிவிட்டது என்பது அதன் முடிவு. விளம்பரப் பெயர் ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலின் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அடுத்து, கலோரி. கருவியால் கலோரியை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்குப் பின்னால் 'மெட்' என்று ஓர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற உடல், தன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்தில் 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் அதன் மடங்காக ஒரு மதிப்புத் தருகிறார்கள். 1993இல் இதற்கென்று பெரிய பட்டியலே வெளிவந்தது. அந்த 3.5 எங்கிருந்து வந்தது? 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணிடமிருந்து என்கிறார்கள். ஒரே ஒரு ஆண்! 2005இல் 769 பேரை அளந்து பார்த்த ஆய்வு சராசரி 2.6தான் என்றது. உலகத்துக்கெல்லாம் பொதுவான மனிதன் என்று சொல்லி யாரை முன்னால் நிறுத்துகிறார்கள் என்பது நமக்குப் பழைய கதை. இங்கே அந்த 'மனிதன்' மூச்சு விடுகிற அளவுவரை தெரிந்துவிட்டான். மதுரைப் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற 42 கிலோ எடையுள்ள பெண்ணின் உடல் அவனுடைய மடங்காகத்தான் கணக்கில் ஏற முடியும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான விஷயம், எதை 'அடி' என்று கருவி ஒப்புக்கொள்கிறது என்பது. மணிக்கட்டில் கட்டுகிற கருவிக்குள் முடுக்கமானி இருக்கிறது. அது காலைப் பார்ப்பதில்லை. கை முன்னும் பின்னும் போய்வருகிற தாளத்தைக் கொண்டு கால் நடந்ததாக முடிவு செய்கிறது. எனவே கை அசையாமல் நடந்தால் எண்ணிக்கை குறைந்துபோகிறது. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும், பல அடிகள் கணக்கில் வருவதில்லை. இதை ஒரு தொழில்நுட்பக் குறையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். நாம் அப்படித் தாண்டிப்போக முடியாது. இடுப்பில் குடம் வைத்தவள், தலைச்சுமையை ஒரு கையால் பிடித்தவள், குழந்தையைத் தூக்கியவள், குப்பை வண்டி தள்ளுகிறவர், மூட்டை சுமக்கிறவர், இவர்கள் எல்லாம் குறைவாக நடந்தவர்கள். கருவியின் இலக்கணப்படி நடை என்பது கையில் எதுவுமில்லாதவரின் நடை.

'கையை வீசிக்கிட்டு வந்துட்டான்' என்று நம் வழக்கில் ஒரு பேச்சு உண்டு. எதுவும் கொண்டுவராமல், பொறுப்பில்லாமல் வந்தவனைச் சொல்வது. அதற்கு அடியில் இன்னொரு பொருளும் கிடக்கிறது. ஊர்த்தெருவில் கைவீசி நடக்கிற உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை. சேரியிலிருந்து வருகிறவர் தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இது ஏதோ பழங்கதை இல்லை, தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் இந்த நூற்றாண்டிலும் பதிவு செய்திருப்பது. செருப்பைப் பிடித்த கை எப்படி வீசும்? மீறி வீசினால் அதற்குப் பெயர் திமிர். 1924இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியதும், பெரியார் போய்ச் சிறைப்பட்டதும் கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியிருக்கிற தெருவில் நடக்க. எத்தனை அடி என்பதா அங்கே கேள்வி? எந்தத் தெருவில் என்பதுதான் கேள்வி. நடையின் அரசியலே அந்த 'எந்த'வில்தான் இருக்கிறது. நடைப்பதிவு செய்கிற முதல் காரியம் அந்த 'எந்த'வை எடுத்துவிட்டு 'எத்தனை'யை வைப்பது.

ஏன், பாதையைத்தான் வரைந்து காட்டுகிறதே என்று கேட்கலாம். ஸ்ட்ராவா 2017 நவம்பரில் தன்னிடம் சேர்ந்த பாதைகளையெல்லாம் ஒன்றாக்கி ஓர் உலகப் படம் வெளியிட்டது. நடமாட்டம் மிகுந்த இடங்கள் அதில் ஒளிர்ந்தன. ஆப்கானிஸ்தானும் சிரியாவும் இருண்டு கிடக்க, நடுநடுவே சின்னஞ்சிறு வெளிச்சக் கோடுகள். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அவை என்ன என்று சுட்டிக்காட்டினார். அந்நியப் படைகளின் முகாம்கள். சிப்பாய்கள் முகாமைச் சுற்றி ஓடிய தடம். இராணுவ ரகசியம் கசிந்துவிட்டதே என்று அப்போது உலகம் அலறியது. அந்த இருட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஆடு மேய்க்கவும் தண்ணீர் எடுக்கவும் குண்டுக்குத் தப்பி எல்லையைக் கடக்கவும் அந்த மண்ணில் நடந்தவர்கள் யாரும் அந்தப் படத்தில் நடக்கவே இல்லை. ஆக்கிரமிக்க வந்தவர்கள் மட்டும் நடந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தவுடன் தில்லியிலிருந்தும் சூரத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பியவர்களையும் எந்த ஆப்பும் பாராட்டிப் பதக்கம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மிஷெல் த செர்த்தோ 1980இல் நகர நடையைப் பற்றி எழுதியபோது, பாதையை வரைபடத்தில் கோடாக்கும்போது நடந்துபோன செயல் நழுவிவிடுகிறது, எச்சம்தான் மிஞ்சுகிறது என்ற பொருளில் வாதிட்டார். நடப்பதைப் பேசுவதோடு ஒப்பிட்டவர் அவர். தமிழுக்கு அந்த ஒப்பீடு தேவையே இல்லை. உரைநடை என்று சொல்கிற மொழி இது. நடத்தை, நடப்பு, நடைமுறை எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. 'ஆக்டிவிட்டி' என்பதை 'நடவடிக்கை' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோமே, அதற்குள்ளும் ஒரு நடை இருக்கிறது. 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அரசு சொல்லும்போது அதற்கு வேறு அர்த்தம், அது தனி.

*

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோயாளிகள் என்று மதிப்பிட்டது. அடிமானி அணிந்தவர்கள் கூடுதலாக நடக்கிறார்கள் என்பதும் நிரூபணமானது. 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நாளொன்றுக்குச் சுமார் 2,500 அடி கூடியிருந்தது. பெண்கள் விஷயம் இன்னும் முக்கியம். காரணம் சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத வீடுகளில் 'வாக்கிங் போயிட்டு வர்றேன்' என்பது கேள்வி கேட்க முடியாத காரணமாகியிருக்கிறது. கணவரிடம் கைப்பேசியைக் காட்டி 'இன்னும் ரெண்டாயிரம் பாக்கி இருக்கு' என்று சொல்லிவிட்டுத் தோழியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த எண் ஒரு நுழைவுச் சீட்டு. அதிகாரத்தின் கருவியைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிற இந்தச் சாமர்த்தியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். த செர்த்தோவுக்கும் இது பிடித்திருக்கும். எனவே கருவியைத் தூக்கி எறியுங்கள் என்பது என் வாதமல்ல.

வாதம் இந்தப் பிரதியின் வாசகர் யார் என்பது பற்றியது. நாட்குறிப்பு எழுதியவரே அதன் வாசகராக இருக்கும்வரை பெரிய சிக்கலில்லை. தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வதை ஃபூக்கோ தன் கடைசிக் காலத்தில் வேறு கோணத்தில் எழுதினார். இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிற செனெகாவிடம் நீதிபதியை அல்ல, இருப்புக் கணக்குப் பார்க்கிற நிர்வாகியைக் கண்டார் அவர். தன்மீதான அக்கறை என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கேட்டை இன்னொருவர் திறந்து படிக்கத் தொடங்கும்போது அக்கறை கண்காணிப்பாகிறது. கூகிள் நிறுவனம் ஃபிட்பிட்டை 210 கோடி டாலருக்கு விலைபேசி 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. கடிகாரத்துக்கு அந்த விலை என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா சுரங்கத் தொழிலாளர் மாநிலம். அங்கே அரசு ஊழியர் காப்பீட்டு முகமை, பள்ளி ஆசிரியர்கள் உள்பட எல்லோரும் 'கோ365' என்கிற ஆப்பைப் போட்டுக்கொண்டு அடிக்கணக்கைக் காட்டிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்றது. சேர்க்காதவர்கள் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், காப்பீடு கைகொடுப்பதற்கு முன் தம் கையிலிருந்து செலவழிக்க வேண்டிய தொகையும் 500 டாலர் கூடும். ஆசிரியர்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. ஆனால் கோபம் அடங்கவில்லை. 2018 பிப்ரவரி 22 அன்று 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. ஒன்பது வேலைநாள் நடந்த அந்த வேலைநிறுத்தம் 5 சதவீதச் சம்பள உயர்வோடு முடிந்தது. சம்பளமும் காப்பீட்டுச் செலவும்தான் அதன் பிரதானக் காரணங்கள். ஆனாலும் அந்த ஆப் ஒரு பொறியாக இருந்தது. சம்பளத்தைக் குறைத்தால் ஒரு வேளை பொறுத்துக்கொண்டிருப்பார்கள். நீ எத்தனை அடி நடந்தாய் என்று கேட்டதைப் பொறுக்க முடியவில்லை. உழைப்பு நேரம் முடிந்த பிறகும் உடல் முதலாளியிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் ஹான்காக் என்கிற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், இனி தான் விற்கிற பாலிசிகள் எல்லாவற்றோடும் இத்தகைய பதிவுத் திட்டத்தைச் சேர்த்தே தருவதாக அறிவித்தது. விருப்பமிருந்தால் பதிவு செய்யலாம், செய்தால் சலுகை. விருப்பம் என்கிற சொல்லின் விலை இப்படித்தான் நிர்ணயமாகிறது.

நம் நாட்டில் அந்த விருப்பம் என்கிற பாவனையும் தேவைப்படவில்லை. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா ஆகிய ஊர்களில் நகராட்சி நிர்வாகம் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியது. மனிதத் திறனைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்று அதற்குப் பெயர். எந்தத் தொழிலாளி எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் திரையில் புள்ளியாகத் தெரியும். சண்டிகரில் 2020இல் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். கேமராவும் மைக்கும் உள்ள கடிகாரத்தோடு கழிப்பறைக்கு எப்படிப் போவது என்று பெண்கள் கேட்டார்கள். கழற்றினாலோ சார்ஜ் இறங்கினாலோ கூலி பிடிக்கப்படும் என்கிற பயத்தைச் சொன்னார்கள். அடிமைக்குப் போடுகிற விலங்கு மாதிரி இருக்கிறது என்கிற குரலும் எழுந்தது. இந்த வேலையில் தள்ளப்பட்டிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. எந்த உடல் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று கவனித்துக்கொண்டிருந்த பழைய கண்ணுக்கு இது புதிய கண்ணாடி.

இரண்டு மணிக்கட்டுகளிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே சாதனம்தான். ஒருவர் பூங்காவில் பத்தாயிரத்தை எட்டியதும் அது அதிர்ந்து வாழ்த்துச் சொல்கிறது. அந்தப் பூங்காவுக்கு வெளியே வண்டி தள்ளுகிறவர் அய்ந்து நிமிடம் நிழலில் நின்றால் அது காட்டிக்கொடுக்கிறது. முன்னவரிடம் உடல்நலச் சொல்லாடலாகவும் பின்னவரிடம் மேஸ்திரியாகவும் பேசுகிறது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருப்பது பூங்காவில் நடக்கிறவரின் வசதி. மேற்கு வெர்ஜீனிய ஆசிரியர்களுக்கு அந்த வசதி ஒரே சுற்றறிக்கையில் பறிபோனது.

*

நடையை எழுதிவைக்கிற மரபு தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிற வறியவனுக்கு வழி சொல்வது. சங்கப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. வள்ளல் பெருமை பாடி வயிறு கழுவ வேண்டியிருந்தவர்களின் பாட்டு அது, அதில் அதிகாரத்துக்கு இருக்கிற இடத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதைப் பதிவு செய்கிறது என்று பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வீட்டில் குட்டி போட்ட நாய் குரைக்கிறது, உப்பில்லாமல் வெந்த கீரையைப் பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு தின்கிறார்கள். அங்கிருந்து கிளம்புகிறது நடை. எயிற்பட்டினத்தில் பரதவர் மீன் தருவார்கள், வேலூரில் வேட்டுவர் இறைச்சியோடு சோறு போடுவார்கள், ஆமூரில் உழவர் வீட்டில் நண்டோடு வெண்சோறு கிடைக்கும். தூரம் எவ்வளவு என்பதைவிட வழியில் யார் இருக்கிறார்கள், என்ன கொடுப்பார்கள் என்பதே அங்கே செய்தி. பாணன் சோற்றை நோக்கி நடந்தான். நாம் தின்ற சோற்றைக் கரைக்க நடக்கிறோம். கலோரி என்கிற ஒரே அலகில் இந்த இரண்டு நடையையும் எழுதிவிடலாம் என்பதுதான் இந்தக் கணக்குப்பிள்ளையின் துணிச்சல்.

எண்ணே கூடாது என்பதில்லை. நாடுகாண் காதையில் புகாரிலிருந்து கிளம்பி ஒரு காதத் தொலைவு வந்ததும் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பதை ஆறு, அய்ந்து என்று பிரித்து, அய்ந்தாறு காதம் போலக் காதில் விழும்படி, பக்கத்தில்தான் என்று சிரித்துச் சொல்கிறான் கோவலன். பொய் சொல்லாமல் சொன்ன பொய். அந்த எண்ணுக்குள் அவள் கால் வலியும் அவன் குற்ற உணர்வும் இருக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன எண் அது.

நம் இயக்கத் தோழர்களிலும் பலர் நடைப்பயணமோ ஊர்வலமோ முடிந்த இரவில் வரைபடத்தையும் அடிக்கணக்கையும் பொதுவில் போடுகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், கெய்ன்ஸ்வில் நகரில், ரன்கீப்பர் ஆப்பில் தன் சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவர் 2019இல் திருட்டு நடந்த ஒரு வீட்டின் முன்னால் மூன்று முறை கடந்துபோயிருந்தார். அந்த நேரம் அங்கே இருந்தவர்களின் தகவலைப் போலீஸ் கூகிளிடம் கேட்டது. 2020 ஜனவரியில் அவருக்குக் கடிதம் வந்தது. திருட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவ அவர் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. வெறும் சைக்கிள் ஓட்டிய வெள்ளைக்காரருக்கே இந்தக் கதி. தடையுத்தரவு போட்ட ஊரில் எந்த முக்கில் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை நாமே கோடு போட்டுக் கையெழுத்திட்டுத் தந்துகொண்டிருக்கிறோம்.

பயணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உண்மை அறியும் குழு அறிக்கைகளை எழுதிப் பழகிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. எந்த ஊரில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்தத் தெரு முனையில் வண்டியை மறித்துப் போட்டு நிறுத்தினார்கள், எந்த டீக்கடையில் இன்னும் தனிக்குவளை தொங்குகிறது, சுற்றிப் போகச் சொன்னவர் யார், சுற்றிப்போகிற அந்தப் பாதை எவ்வளவு தூரம் என்று எழுதலாம். அடுத்து நடக்க வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.